‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு வாழ்வது: எம்.எஸ். உறுதியாகாத காலத்துக்கு ஒரு வழிகாட்டி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்.எஸ்., இருக்கலாம், இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகு வீடு திரும்புகிறவரிடம் மருந்துச் சீட்டும் இருப்பதில்லை, நிம்மதியும் இருப்பதில்லை. என் தங்கை இந்த நிலையில் ஒன்றரை ஆண்டு இருந்தாள். அவளுடன் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்குப் போய் வந்தவன் என்ற முறையில், அந்தக் காலத்தைக் கடக்க எங்களுக்கு உதவியவற்றையும், தாமதமாகத் தெரிந்துகொண்டவற்றையும் எழுதுகிறேன்.

முதலில், மருத்துவரால் ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதுதான் எம்.எஸ். இதை ஒரே இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடித்துவிட முடியாது. 2001இல் வகுக்கப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்டு அளவுகோல்கள் (எம்.எஸ்.ஸை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் விதிகள்) 2024ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அடிப்படையில் இரண்டைத் தேடின: நரம்பு மண்டலத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு இருக்கிறதா, அது ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் ஏற்பட்டதா. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதுகுத் தண்டு நீரில் காணப்படும் ஒலிகோகுளோனல் பட்டைகளை, அதாவது எதிர்ப்பாற்றல் புரதங்களின் தடயங்களை, காலச் சான்றுக்கு ஈடாக ஏற்றுக்கொண்டது. ஆகவே “எனக்கு எம்.எஸ். இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்பதைவிட, “இதுவரை எந்தச் சான்று கிடைத்திருக்கிறது, எது கிடைக்கவில்லை, அதை எப்போது, எந்தப் பரிசோதனையால் தேடப்போகிறோம்?” என்று கேட்பதே பயன் தரும். முதல் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆறுதல் வார்த்தைகள். இரண்டாவதைக் கேட்ட அன்று மருத்துவர் ஒரு தாளை எடுத்து எழுதியே காட்டினார்.

முதல் தாக்குதல் மட்டும் வந்து நின்றிருக்கிற நிலையும், வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகப் புள்ளிகள் தெரிந்த நிலையும் ஒன்றல்ல. உங்களுடையது எது என்று கேளுங்கள், ஏனெனில் எதிர்காலக் கணிப்பு அதைப் பொறுத்தது. பார்வை நரம்பு அழற்சியோடு வந்தவர்களை அமெரிக்காவில் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் மூளை ஸ்கேனில் புள்ளி எதுவும் இல்லாதவர்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தினருக்கும், ஒன்றாவது இருந்தவர்களில் ஏறத்தாழ 72 சதவீதத்தினருக்கும் எம்.எஸ். உறுதியானது. இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள். புள்ளி இருந்தவர்களிலும் நான்கில் ஒருவருக்கு அந்தக் காலத்துக்குள் எம்.எஸ். உறுதியாகவில்லை.

மருத்துவர் அவசரப்படாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். எம்.எஸ். போலவே தோற்றமளிக்கும் நோய்கள் பல. வைட்டமின் பி12 குறைபாட்டால் கால் மரத்துப்போகலாம், நடை தள்ளாடலாம். முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாதவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், வயது ஆகியவற்றாலும் மூளை ஸ்கேனில் வெண்புள்ளிகள் தெரியலாம். காசநோய், சார்காய்டோசிஸ், லூபஸ் போன்றவையும் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, என்.எம்.ஓ. (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா) எனப்படும் நோய் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. எம்.எஸ்.ஸுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோடு போன்ற சில மருந்துகள் அதை மோசமாக்கக்கூடும். ஆகவே தவறான பெயர் சூட்டப்படுவது, பெயரே இல்லாமல் காத்திருப்பதைவிட ஆபத்தானதாக முடியலாம். என்.எம்.ஓ.வையும் அதுபோன்ற நோயையும் கண்டறிய உதவும் அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆகிய ஆன்டிபாடி பரிசோதனைகளும் பி12 அளவும் பார்க்கப்பட்டனவா என்று தயங்காமல் கேளுங்கள். என் தங்கைக்கு முதல் நான்கு மாதங்கள் பி12 பார்க்கப்படவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. பார்த்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நான்கு மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

அடுத்தது குறிப்பேடு. புதிய அறிகுறி ஒன்று காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் குறைந்தது 24 மணி நேரம் நீடித்தால்தான் அதைத் தாக்குதலாகக் கணக்கில் எடுப்பார்கள். எனவே ‘கை மரத்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதி, எந்தக் கை, விரல் நுனியிலிருந்து எதுவரை, எத்தனை மணி நேரம், அன்று காய்ச்சல் இருந்ததா, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது என்று எழுதுங்கள். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனெனில் நோயாளிகள் சொல்லாமல் விட்டுவிடுவதும், மருத்துவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதும் இத்தகைய செய்திகளைத்தான். நடை தள்ளாடினால் கைபேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் சூடேறும்போது பழைய அறிகுறிகள் தலைதூக்கி, சூடு தணிந்ததும் அடங்கிவிடுவதுண்டு. இதற்கு ஊத்தோஃப் விளைவு என்று பெயர். கத்திரி வெயிலில் நடந்து வந்ததும் பார்வை மங்கி, மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் தெளிந்தால், அது பெரும்பாலும் புதிய பாதிப்பு அல்ல. வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பதும், வெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வதும் கணிசமாக உதவும். ஆனால் நாள் முழுவதும் உடலைக் கவனித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு சுருக்கென்ற வலியும் பயமுறுத்தும் என்பதால், என் தங்கை இரவில் பத்து நிமிடம் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் விஷயத்தில் சுருக்கமாக: முடிந்தவரை ஒரே மையத்தில் எடுங்கள், அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள், பழைய படங்களை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். புதிய புள்ளி வந்திருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் பரிசோதனையைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லப்படும் பயங்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் வந்து, படுத்தால் குறையும் தலைவலி சில நாட்கள் இருக்கும். அது நீடித்தால் சிகிச்சை உண்டு.

காத்திருக்கும் காலத்திலும் செய்யக்கூடியவை உண்டு. புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், ஏனெனில் அது எம்.எஸ். வரும் வாய்ப்பையும் அதன் வேகத்தையும் கூட்டுவது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் எடுங்கள். நரம்புத் தளர்ச்சிக்கு என்று யாரோ தரும் பெயர் தெரியாத பொடிகளையும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளையும் தொடவே வேண்டாம். அவை உடலைக் கெடுப்பதோடு, நோயின் தடயங்களை மறைத்து அடுத்த பரிசோதனையையும் குழப்பிவிடும்.

யாரிடம் சொல்வது என்பது கடினமான கேள்வி. எங்கள் வீட்டில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது என்பதால், பெரியவர்கள் மறைக்கச் சொன்னார்கள். அவள் ஆறு மாதம் அந்தப் பேச்சைத் தள்ளி வைக்கச் சொன்னாள், அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். எம்.எஸ். உள்ளவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை என்பதை நரம்பியல் மருத்துவர் வாயாலேயே பெற்றோரைக் கேட்க வைத்தோம், அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு அடங்கியது. மருத்துவக் காப்பீடு புதிதாக எடுப்பதானால், சந்தேகத்தின் பேரில் நடந்த பரிசோதனைகளையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் பின்னாளில் பணம் மறுக்கப்படலாம்.

சில அறிகுறிகளுக்கு அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்கக் கூடாது. கண்ணை அசைக்கும்போது வலித்துப் பார்வை மங்குதல், கால்கள் வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க முடியாமல் போதல், புதிதாக வரும் இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குறிப்பேடு, குறுந்தகடுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் அனைத்தும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.