உங்கள் வைஃபை பாஸ்வேர்டு போன் நம்பரா? முதலில் அதை மாற்றுங்கள்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கச் சில நிமிடங்களே இருந்தபோது, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதை அனுப்பிய இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைத் தொடர்ந்து போன போலீசார் கடைசியில் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட். மின்னஞ்சலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபை பூட்டாமல் கிடந்தது. யாரோ அதில் நுழைந்து அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லியில் குண்டு வெடித்தபோது வந்த மின்னஞ்சலும் இப்படித்தான், மும்பை செம்பூரில் ஒரு தனியார் அலுவலகத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது.

இன்று பாஸ்வேர்டே இல்லாத வைஃபை அரிது. ஆனால் இணைப்பு கொடுக்க வரும் டெக்னீஷியன், "மறக்காது சார்" என்று சொல்லி உங்கள் போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவது இன்றும் நடக்கிறது. அந்த நம்பர் உங்கள் விசிட்டிங் கார்டில் இருக்கிறது, கூரியர் பெட்டியின் மேல் இருக்கிறது, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது.

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யாருக்கும் ஆன்லைன் வகுப்போ மீட்டிங்கோ இல்லாத நேரமாக இருக்கட்டும். பாஸ்வேர்டை மாற்றியதும் டிவி, கேமரா, பிரிண்டர் எல்லாம் துண்டிக்கப்படும்; ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்க வேண்டும். முடிந்தால் லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: ரவுட்டருக்குள் நுழைவது

போனில் வைஃபை அமைப்புகளைத் திறந்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'கேட்வே' என்றும் ஐபோனில் 'ரவுட்டர்' என்றும் ஒரு வரி இருக்கும். 192.168.1.1, 192.168.0.1 போன்ற எண்தான் அது. அதை அப்படியே பிரவுசரின் முகவரிப் பட்டியில் அடியுங்கள். 'பாதுகாப்பற்ற தளம்' என்று எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டிக்கு யாரும் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

யூசர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள். பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் துளையில் ஊசியைக் குத்தும் யோசனை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஃபைபர் இணைப்புகளில் நிறுவனம் போட்டுவைத்த லாகின் விவரமும் அதோடு அழிந்துபோகலாம். அப்புறம் டெக்னீஷியன் வரும்வரை இணையமே இருக்காது.

படி 2: அட்மின் பாஸ்வேர்டு

வைஃபையில் சேர ஒரு பாஸ்வேர்டு, ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போக இன்னொரு பாஸ்வேர்டு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாவதை 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் (மால்வேர்), கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஆலையில் போட்டுவிட்ட சில டஜன் யூசர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாக முயன்று பார்ப்பதைத் தவிர அதற்குப் பெரிய வித்தை எதுவும் தெரியாது.

தளத்தின் பெயரை அடித்தால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவது டிஎன்எஸ். உள்ளே வந்துவிட்டவர் அதன் முகவரியை மாற்றினால், நீங்கள் வங்கியின் பெயரை அடித்தாலும் வேறொரு போலித் தளத்துக்குப் போய்ச் சேரக்கூடும். அதனால் அட்மின் பாஸ்வேர்டை இப்போதே மாற்றி, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆமாம், காகிதத்தில்தான். ரவுட்டரைத் தாக்குபவர் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை.

அங்கேயே 'ரிமோட் மேனேஜ்மெண்ட்' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து உங்கள் ரவுட்டர் பக்கத்தைத் திறக்க உதவும் வசதி அது, வீட்டுக்குத் தேவையில்லை.

படி 3: பாதுகாப்பு வகை

வயர்லெஸ் பகுதியில் 'செக்யூரிட்டி' என்று ஒரு பட்டியல் இருக்கும். வைஃபையைப் பூட்டும் முறைகள்தான் அதில் இருப்பவை. டபிள்யூஇபி (WEP) 1997இல் வந்தது, 2001லேயே உடைந்துவிட்டது. 2003இல் வந்த டபிள்யூபிஏ (WPA) ஓர் இடைக்கால ஏற்பாடு. இரண்டும் வேண்டாம். டபிள்யூபிஏ2 இருந்தால் ஏஇஎஸ் (AES) என்று குறிப்பிட்டதைத் தேர்வு செய்யுங்கள். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. பழைய பிரிண்டர் அதில் சேர மறுத்தால், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: வைஃபை பாஸ்வேர்டு

இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

"யாராவது வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாக அடித்துப் பார்ப்பானா?" என்று கேட்பார்கள். அப்படிச் செய்வதே இல்லை. உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். பாஸ்வேர்டு அதில் நேரடியாகப் போகாது. ஆனால் ஒரு யூகம் சரியா தவறா என்று சோதிக்கத் தேவையானது அந்தச் செய்திகளிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதை ஒருமுறை பதிவு செய்தால் போதும். இணையும் நேரத்துக்காக அவர் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை; போலிச் செய்தி அனுப்பி உங்கள் போனை ஒரு நொடி துண்டித்துவிட்டால், அது தானாகத் திரும்ப இணையும். பதிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தன் கணினியில் நிதானமாக யூகங்களை ஓடவிடுவார். உங்கள் ரவுட்டருக்கு எதுவும் தெரியாது, எந்த எச்சரிக்கையும் வராது.

இப்போது கணக்குப் போடுவோம். இந்திய செல்போன் எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேமிங்குக்கு விற்கும் இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் யூகங்களைச் சோதிக்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4000 நொடி. ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. உங்கள் எண்ணே தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவும் தேவையில்லை.

மாற்றாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். தவளை, குக்கர், மேற்கு, பொத்தான், சாம்பல் என்பதுபோல. ரவுட்டர்கள் பொதுவாகத் தமிழ் எழுத்தை ஏற்காது, ஆகவே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பைத் தட்டுங்கள். 2000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குலுக்கலில் ஐந்தை எடுத்திருந்தால், அதே கார்டு அதே வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகும். குலுக்கல் என்பது முக்கியம். மனசுக்குப் பிடித்த பாட்டு வரி, பழமொழி, குலதெய்வம், பிள்ளை பெயரோடு பிறந்த ஆண்டு எல்லாம் யூகப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை. என் உதாரணத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீளத்துக்குக் குறைந்தது 8, அதிகம் 63 எழுத்து என்பது விதி. 20க்கு மேல் போய்விடுங்கள்.

டபிள்யூபிஏ3இல் இந்தப் பதிவு செய்து எடுத்துப்போகும் வழி அடைபடுகிறது. ஒவ்வொரு யூகத்தையும் ரவுட்டரிடம் நேரில் கேட்டுத்தான் சரிபார்க்க முடியும். அதை நல்லது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

வைஃபையின் பெயரையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டிலிருந்து சாவியை உருவாக்கும் கணக்கில் அந்தப் பெயரும் சேர்கிறது. ஆலையில் வந்த பொதுப் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க முடியும். பெயரில் கதவு எண்ணோ உங்கள் பெயரோ வேண்டாம்.

படி 5: டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள்

பாஸ்வேர்டு அடிக்காமல் கருவியைச் சேர்க்கும் வசதிதான் டபிள்யூபிஎஸ் (WPS). பட்டனை அழுத்தும் முறையும் உண்டு, எட்டு இலக்க பின் முறையும் உண்டு. பின் முறைதான் ஆபத்து. எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி ஏழையும் ரவுட்டர் முதல் நான்கு, அடுத்த மூன்று என்று இரண்டாகப் பிரித்துச் சரிபார்த்து, முதல் பாதி தவறா என்பதைத் தனியே சொல்லிவிடுகிறது. பத்தாயிரமும் ஆயிரமும் சேர்த்து 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரில் இந்த ஓட்டை வெளியானது. ஐந்து சொல் பாஸ்வேர்டு வைத்துவிட்டு இதைத் திறந்து வைப்பது முன்கதவைப் பூட்டிக் கொல்லைக்கதவைத் திறந்து போட்ட மாதிரி.

படி 6: விருந்தினருக்குத் தனி நெட்வொர்க்

'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் இயக்குங்கள். மைத்துனர் வந்து பாஸ்வேர்டு கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. கொடுத்த பாஸ்வேர்டு அவர் போனிலிருந்து கியூஆர் கோடாக யார் யாருக்குப் போகும் என்றும் சொல்ல முடியாது. டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு ஆகியவற்றையும் இதிலேயே போடுங்கள். ஒரு சோதனையும் செய்துவிடுங்கள்: கெஸ்டில் இணைந்த போனிலிருந்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், கெஸ்டை முக்கிய நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கும் தடுப்பு சரியாக வேலை செய்யவில்லை.

படி 7: ஃபர்ம்வேர்

ரவுட்டருக்குள்ளே ஓடும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். 'சிஸ்டம்' பகுதியில் அதற்கு அப்டேட் இருந்தால் போடுங்கள், தானியங்கி வசதி இருந்தால் அதை இயக்குங்கள். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் உலகெங்கும் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் இருந்தது தெரியவந்து, ரவுட்டர்களை ஒருமுறை அணைத்துத் திரும்ப இயக்குங்கள் என்று எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது. தயாரிப்பாளர் அப்டேட் கொடுப்பதையே நிறுத்திவிட்ட பெட்டி என்றால் வேறு வாங்குவதுதான் வழி.

பலர் மெனக்கெடும் இரண்டு விஷயங்கள்

வைஃபை பெயரை மறைப்பதும், மேக் முகவரிப் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நெட்வொர்க் அடையாள எண்) பட்டியல் போட்டு அதில் உள்ள கருவிகளை மட்டும் அனுமதிப்பதும். உங்கள் போன் இணையும்போது பெயர் காற்றில் வெளிப்படையாகவே போகிறது. மேக் முகவரியும் அப்படித்தான். அதைக் காப்பியடிப்பது எளிது. இந்த இரண்டுக்கும் செலவாகும் நேரத்தை பாஸ்வேர்டுக்குச் செலவிடலாம்.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள்?

ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரைப் பார்த்ததும் திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது உங்கள் வாஷிங் மெஷினாகத்தான் இருக்கும். இன்றைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று மேக் முகவரியைக் காட்டுவதால், உங்கள் போனே அந்நியன்போலத் தெரியலாம். கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒன்று மிஞ்சினால், அதை மட்டும் தடுத்துப் பயனில்லை. வேறு முகவரியோடு திரும்ப வந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அலுவலகம் என்றால்

எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதே அங்கே சிக்கல். வேலையை விட்டுப் போனவரின் போன் தெருவில் நின்றாலும் தானாக இணையும். பத்துப் பேருக்குள் என்றால், ஒருவர் விலகும் அன்றே பாஸ்வேர்டை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 எண்டர்பிரைஸ் முறைக்கு மாறுங்கள். லாகின்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்று தேவைப்படும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் இருக்கும். விலகியவரின் கணக்கை மட்டும் மூடினால் போதும். பில்லிங் கணினியும் வாடிக்கையாளர் வைஃபையும் ஒருபோதும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. அப்புறம், வரவேற்பறைச் சுவரில் சும்மா இருக்கும் லேன் பாயிண்டைப் பாருங்கள். அதில் கேபிளைச் செருகுபவரிடம் வைஃபை பாஸ்வேர்டை யாரும் கேட்பதில்லை. அந்தப் பாயிண்டுக்கு வரும் கேபிளின் மறுமுனையை, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.