கிரைண்டர் பம்ப் இருக்கும் வீடா? ஊருக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள்

அமெரிக்காவில் கழிவை அரைத்து மேட்டிலுள்ள சாக்கடைக் குழாய்க்குத் தள்ளும் கிரைண்டர் பம்ப் வைத்திருப்பவர்கள், வெளியூர் கிளம்புமுன் பம்ப் ஓடி நிற்கும்வரை வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து நல்ல தண்ணீர் விடுங்கள். பம்புக்கான மின் பிரேக்கரை அணைக்காதீர்கள். பம்ப் தொட்டியில் கழிவு தேங்கினால் நாற்றம் மட்டுமல்ல, எண்ணெய்ப் படலம் கெட்டியாகி, நீர்மட்டத்தைப் பார்த்து பம்பை ஓட்டி நிறுத்தும் மிதவை சுவிட்சில் ஒட்டும். மிதவை எழும்பாவிட்டால் பம்ப் ஓடாது. இறங்காவிட்டால் நிற்காமல் ஓடி மோட்டார் சூடாகும். ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்ட வெட் வைப்ஸை நம்பவே வேண்டாம், கத்தியில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும்.

பம்பின் அலாரம் அடித்தால் ஒலியை நிறுத்திவிட்டு பிரேக்கரைப் பாருங்கள். ட்ரிப் ஆகியிருந்தால் ஒரே ஒரு முறை போடலாம். மறுபடி விழுந்தால் மெக்கானிக்தான். அதுவரை குளியல், வாஷிங் மெஷின் கூடாது. மின்வெட்டிலும் அப்படியே: பம்ப் நிற்கும், தொட்டி நிரம்பும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கும்.