தீப்பற்றிப் பின்னர் இடிக்கப்பட்ட வானளாவி: கலைக்களஞ்சியக் கட்டுரையை மதிப்பாய்வு செய்யும் முறை

நீலகிரியில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உதகையிலிருந்தோ குன்னூரிலிருந்தோ தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதுபவர்களில் பலர் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் தீயணைப்புக் குழாய்களை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும், அத்தகைய கட்டடத்தைப் பற்றிய கட்டுரையைச் சரிபார்க்க எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில், நகர மன்றத்துக்கு எதிரே 1972-இல் கட்டி முடிக்கப்பட்ட 38 தள ஒன் மெரிடியன் பிளாசாவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கட்டுரையின் முடிவிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். 1991 பிப்ரவரி 23 இரவு தீப்பற்றிய இக்கட்டடம் 1999-இல்தான் முழுமையாக அகற்றப்பட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் "தீ விபத்தில் அழிந்தது" என்று கட்டுரை முடிந்தால், மற்ற எல்லாக் குறைகளையும்விட அதுவே பெரிது. தீ எட்டுத் தளங்களை எரித்துத் தீர்த்ததே தவிர, கட்டடத்தை வீழ்த்தவில்லை. இழப்பீடு குறித்து உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே வழக்கு நீண்டது. கட்டடம் நகரின் நடுவே ஆளற்று நின்றது. இடித்தது மனிதர்களின் முடிவு என்பதால், அந்த முடிவு எப்போது, எதன் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்பதற்குத் தனிச் சான்று கேட்க வேண்டும். தீயைப் பற்றிய அறிக்கையை இடிப்புக்குச் சான்றாகக் காட்டியிருந்தால் ஏற்காதீர்கள்.

அடுத்துக் காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். தீ மூண்டதற்கும் அது பரவியதற்கும் காரணம் வேறு வேறு. 22-ஆம் தளத்தில் ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே சூடேறிப் பற்றிக்கொண்டன. இது மூண்ட காரணம். மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டதும், தீயணைப்புக் குழாய்களின் அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததும், எரிந்த தளங்களில் தானியங்கி நீர்த் தெளிப்பான்கள் இல்லாததும் பரவிய காரணங்கள். வால்வு பற்றிய பகுதி பல கட்டுரைகளில் புரியாத மொழியில் இருக்கும். சரிவில் வாழும் நமக்கு அது புதிதன்று: மேட்டுத் தொட்டியிலிருந்து பள்ளத்து வீட்டுக்கு வரும் குழாயில் நீர் பீறிடும், அதைத் தணிக்க வால்வு தேவைப்படும். அந்த வால்வை அளவுக்கு மீறி இறுக்கினால் என்ன ஆகுமோ, அதுவே அன்று நடந்தது. வீரர்களின் குழல்முனைகளுக்குப் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை. வாடகைக்கு இருந்த ஒரு நிறுவனம் தெளிப்பான் பொருத்தியிருந்த 30-ஆம் தளத்தை எட்டியபோதுதான் தீ அடங்கியது. இச்செய்தி இல்லாத கட்டுரையை முழுமையானது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எண்களில் கவனம் தேவை. அமெரிக்கர்கள் தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணுவதால், அவர்களுடைய 22 நம் கணக்கில் 21 ஆகலாம். கட்டுரை எந்த முறையைப் பின்பற்றினாலும் கடைசி வரை மாறாமல் இருக்க வேண்டும். தீ தொடங்கிய இரவு எட்டரை மணி நமக்கு மறுநாள் காலை என்பதால், தேதி 23 என்றும் 24 என்றும் மாறி மாறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். உயிரிழந்தோர் மூவரும் தீயணைப்பு வீரர்கள். பொத்தாம்பொதுவாக "மூவர் பலி" என்று எழுதுவது குறைவான தகவல்.

பிற கட்டடங்களோடு ஒப்பிடும் வரிகளை ஐயத்தோடு அணுகுங்கள். 2005 பிப்ரவரியில் எரிந்த மாட்ரிட் நகரின் வின்ட்சர் கோபுரத்தில் மேல்தளங்களின் வெளிப்புறப் பகுதிகள் தீயின்போதே சரிந்தன. மெரிடியனில் அப்படி நேரவில்லை. 2017-இல் சென்னை தியாகராய நகரில் எரிந்து இடிக்கப்பட்ட ஜவுளிக்கடைக் கட்டடம் தமிழ் வாசகர் நினைவில் இருக்கும். ஆனால் அது வானளாவி அன்று, எனவே அந்த ஒப்பீட்டை நீக்கப் பரிந்துரைக்கலாம். மெரிடியன் இருந்த இடத்தில் பின்னர் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு வாக்கியம் போதும்.

குறிப்புகளைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பக்கம்), எந்தப் பத்தி, எந்த வாக்கியம், எவ்வகைச் சான்று வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "மேம்படுத்த வேண்டும்" என்று மட்டும் எழுதிச் சென்றால், எழுதியவர் எதைத் திருத்துவது என்று அறியாமல் அதே வடிவத்தை மீண்டும் பதிவேற்றுவார்.