விமானத்தில் ஒட்சிசன் முகக்கவசம் விழுந்தால் என்ன செய்வது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்து டுபாய்க்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போகிறவர்களில் பலர் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை. புறப்படும் முன் பணிப்பெண் மஞ்சள் முகக்கவசத்தைக் காட்டிச் சொல்லும் விளக்கம் புரியாத மொழியில் ஓடி முடிந்துவிடுகிறது. உயிர் காக்கும் அந்தப் பகுதியை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அமுக்கி நிரப்புவதால் நம் உடல் உணர்வது கூடிப்போனால் 8,000 அடி உயரத்துக் காற்றைத்தான். பிதுருதலாகலை உச்சி (2,524 மீற்றர்) அதைவிடச் சற்று உயரம். அந்த அமுக்கம் போய்விட்டால், 35,000 அடியில் ஒருவர் தெளிவாகச் செயற்படக்கூடிய நேரம் 30 முதல் 60 வினாடிகள்தான். மலையில் பிறந்து வளர்ந்த உடம்பு என்று இதில் சலுகை கிடைக்காது.

1. அடையாளம் காணுங்கள்

அமுக்கம் திடீரென்று போனால் பெரிய சத்தம் கேட்கும், காது அடைக்கும், குளிர் தாக்கும், உள்ளே வெண்மையாக மூடுபனி பரவும். அது புகையல்ல, காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து பனியாவது. மெதுவாகக் குறைந்தால் இவை எதுவும் இராது. மயக்கம் வருவதே தெரியாமல் வரும், சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்கும். ஆகவே, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்காதீர்கள். முகக்கவசம் தொங்கினால் அதுவே கட்டளை.

2. இழுங்கள், மூடுங்கள், மூச்சு விடுங்கள்

தலைக்கு மேலுள்ள சிறு மூடி திறந்து, குழாயில் கிண்ணம் போன்ற கவசம் தொங்கும். அதை முகத்தை நோக்கி நன்றாக இழுங்கள். பல விமானங்களில் அந்த இழுப்பில்தான் ஒட்சிசன் வரத் தொடங்குகிறது. தொங்கும் இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால் போதாது. மூக்கு, வாய் இரண்டையும் மூடி, மீள்பட்டியைத் தலைக்குப் பின்னால் மாட்டி, இயல்பாக மூச்சு விடுங்கள்.

மூக்கு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் நியூயோர்க்கிலிருந்து டலஸுக்குப் பறந்த விமானமொன்றில் இயந்திரம் சிதறி யன்னல் உடைந்தது. அப்போது உள்ளே எடுத்த படத்தில் பலர் வாயை மட்டும் மூடி, மூக்கை வெளியே விட்டிருந்தார்கள்.

குழாயோடுள்ள பிளாஸ்டிக் பை உப்பாவிட்டாலும் ஒட்சிசன் வந்துகொண்டுதான் இருக்கும். கவசத்தைக் கழற்றிவிட வேண்டாம். லேசாகத் தீய்ந்த வாடையும் வரலாம். இரசாயனம் சூடாகி ஒட்சிசன் தருவதால் வருவது அது.

3. பிள்ளைக்கு முன் உங்களுக்கு

பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத்தான் தன் வாயில் சோற்றை வைக்கும் தாய்மாருக்கு இது மனம் கேளாத காரியம். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், முதலில் நீங்கள் மாட்டுங்கள். திமிறி அழும் பிள்ளைக்கு மாட்ட முயல்வதிலேயே உங்கள் அரை நிமிடம் போய்விடும். பிறகு கை தடுமாறும், நினைவு தப்பும், இரண்டு பேருக்கும் உதவ ஆளிராது. உங்களுக்கு மாட்ட ஐந்தாறு வினாடி போதும். அதன்பின் தெளிந்த தலையோடு பிள்ளைக்கு மாட்டலாம். அந்தச் சில வினாடிகளில் பிள்ளை சோர்ந்தாலும், ஒட்சிசன் கிடைத்ததும் தெளிந்துவிடும். மடியிலுள்ள கைக்குழந்தைக்காக மேலதிகக் கவசமும் இருக்கும்.

4. ஆசனப்பட்டியைப் போடுங்கள்

நடைபாதையில் நின்றால் பக்கத்தில் காலியாக உள்ள ஆசனத்தில் உட்கார்ந்து, அங்கே தொங்குவதை மாட்டுங்கள். மலசலகூடத்திலும் கவசம் விழும்.

விமானம் மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறங்கும். விழுகிறோம் என்று அலற வேண்டாம். கவசமில்லாமல் மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு விமானி வேண்டுமென்றே கொண்டுபோகிறார். சில நிமிடங்களில் அது முடியும். கவசத்தில் ஒட்சிசன் பொதுவாக 12 நிமிடங்களுக்குக் குறையாமல் வரும். பணியாளர் சொல்லும்வரை கழற்ற வேண்டாம்.

5. காதைக் கவனியுங்கள்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் போகும்போது காது அடைப்பது நமக்குப் பழக்கம். இங்கே அதுவே பல மடங்காக வலிக்கும். எச்சிலை விழுங்குங்கள், தாடையை அசையுங்கள். தடிமன் பிடித்திருந்தால் வலி கூடும். தரையிறங்கிய பிறகும் வலி நிற்காவிட்டால், காது மந்தமாகவே இருந்தால், வைத்தியரிடம் காட்டாமல் அடுத்த விமானத்தில் ஏற வேண்டாம்.