குழாயைக் குலுக்கினால் எல்இடி எரியும்: வீட்டிலேயே ஒரு குட்டி ஜெனரேட்டர்

1825இல் ஜெனீவாவில் கொலடோன் என்ற இயற்பியலாளர் ஒரு சோதனை செய்தார். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் காந்தம் இருந்தால் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் முள் தானாகவே அசைந்துவிடுமே என்று மீட்டரை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. பாவம், அவர் நடந்த அந்த நேரத்துக்குள் முள் ஆடி முடித்து அடங்கியிருந்தது. ஆறு வருடம் கழித்து, 1831இல், லண்டனில் மைக்கேல் ஃபாரடே அந்த ஒரு நொடி ஆட்டத்தைப் பிடித்துவிட்டார். காந்தம் அசையும்போது மட்டும்தான் மின்சாரம் வரும். மின்காந்தத் தூண்டல் என்பது இதுதான்.

சரி, கையால் செய்து பார்ப்போம்.

என்னென்ன வேண்டும்

மோட்டார் ரீவைண்டிங் கடையில் 36 கேஜ் காயில் கம்பி 50 கிராம் வாங்குங்கள், பாதிகூடச் செலவாகாது. வயரிங்குக்குப் போடும் 20 மி.மீ. பிவிசி பைப் ஒரு சாண். 12 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் காந்தங்கள், அடுக்கினால் 2 செ.மீ. உயரமாவது வர வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் இதற்குப் போதாது. சிவப்பு எல்இடி இரண்டு, உப்புத்தாள், டேப், கொஞ்சம் பஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் காந்தத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். இரண்டை விழுங்கிவிட்டால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

படி 1: சுற்றுவது

பைப்பின் நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு அட்டை வளையங்களை ஒட்டுங்கள். அவற்றுக்கு நடுவே கம்பியை ஒரே திசையில் 1000 சுற்று சுற்ற வேண்டும். கிட்டத்தட்ட 70 மீட்டர் கம்பி பிடிக்கும். பொறுமை வேண்டிய வேலை. நூறு நூறாக எண்ணிப் பேப்பரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே விட்டுவிட்டு, மேலே டேப் ஒட்டுங்கள்.

படி 2: சுரண்டுவது

நான் முதல்முறை கோட்டைவிட்ட இடம் இது. பார்க்க வெறும் செம்பு மாதிரி இருந்தாலும் கம்பியின் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைச் சுரண்டாமல் இணைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்கக் காந்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முனையையும் உப்புத்தாளால் சுற்றிலும் நன்றாகத் தேயுங்கள்.

படி 3: எல்இடி

ஓர் எல்இடியின் நீளக் காலும் மற்றதன் குட்டைக் காலும் ஒன்றாக இருக்கும்படி முறுக்குங்கள். மீதி இரண்டு கால்களையும் அப்படியே முறுக்குங்கள். ஒவ்வொரு முறுக்கிலும் கம்பியின் ஒரு முனையைச் சுற்றிவிடுங்கள்.

படி 4: சோதனை

காந்தத்தை ஒரு பென்சில் நுனியில் டேப்பால் ஒட்டி, சுருளுக்குள் கொண்டுபோய் அப்படியே பிடித்திருங்கள். ஒன்றும் நடக்காது. கொலடோன் பார்த்தது இதைத்தான். இப்போது விளக்கை அணைத்துவிட்டு, காந்தத்தை வெளியிலிருந்து சரேலென்று உள்ளே குத்தி நிறுத்துங்கள். ஓர் எல்இடி மின்னும். வெடுக்கென்று வெளியே இழுங்கள். இப்போது மற்றது மின்னும்.

எல்இடியில் மின்சாரம் ஒரு திசையில்தான் பாயும். ஆகவே காந்தம் நுழையும்போது ஒரு திசையிலும், விலகும்போது எதிர்த்திசையிலும் மின்சாரம் ஓடியிருக்கிறது. மாறுதிசை மின்சாரம், அதாவது ஏசி, உங்கள் கையிலேயே பிறந்துவிட்டது! அப்புறம் பென்சிலைக் கழற்றிவிட்டுக் காந்தத்தை பைப்புக்குள் போடுங்கள். இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்துக் குலுக்கினால் இரண்டும் மாறி மாறி மின்னும்.

மெதுவாக அசைத்தால் எரியாது. சுருளுக்குள் காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, எத்தனை சுற்று இருக்கிறதோ, அதற்கேற்பத்தான் வோல்டேஜ் கிடைக்கும். சிவப்பு எல்இடி எரிய ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். எரியவில்லை என்றால் முதலில் படி 2க்குத் திரும்புங்கள்.

இது சும்மா வருகிறதா?

பழைய சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்து ஓட்டியவர்களுக்குத் தெரியும், விளக்கு எரிந்தால் மிதிப்பது கனக்கும். சுருளில் ஓடும் மின்சாரம் தானே ஒரு காந்தமாகி, அசைவை எதிர்த்து நிற்கும். லென்ஸ் என்ற இயற்பியலாளரின் பெயரில் வழங்கும் லென்ஸ் விதி இதுதான். விளக்குக்குப் போவது உங்கள் கால் உழைப்பு.

மின்நிலையத்திலும் இதே கதைதான், மிதிக்கும் ஆள்தான் வேறு. மேட்டூரில் அணைத்தண்ணீர், முப்பந்தலில் காற்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் கூடங்குளத்தில் யுரேனியமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்குகின்றன. அந்த நீராவி டர்பைன் என்ற இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதோடு சேர்ந்து காந்தமும் சுற்றுகிறது. இரண்டு துருவக் காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் கணக்கு இப்படித்தான். சோலார் பேனல் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்குள் காந்தமும் கிடையாது, சுற்றுகிற பாகமும் கிடையாது.