டிராயிங் டீச்சரின் படங்கள்: போகிக்கு முன் தேடிச் சேர்க்க ஒரு வழிகாட்டி

குடியாத்தத்திலோ ஆரணியிலோ வாலாஜாவிலோ காலமெல்லாம் படம் வரைந்த ஒரு பெண்மணி மறைந்துவிட்டால், அவர் படங்களுக்கு இரண்டு கெடு உண்டு. ஒன்று, கருமாதி முடிந்து வீட்டை ஒழிக்கும் வாரம். அடுத்தது, போகி. முதலாவதில் காகிதமெல்லாம் எடைக்குப் போகும். இரண்டாவதில் மிச்சம் எரியும்; பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரில் வரைந்ததும் மறைந்துவிடும். அதனால் பட்டியல், கண்காட்சி எல்லாம் பிறகு. முதலில் நான்கு காலி அட்டைப்பெட்டிகளோடு அந்த வீட்டுக்குப் போங்கள். "நல்ல படத்தை நீங்களே வெச்சிக்கோங்க. தூக்கிப் போடலாம்னு தோணுறத மட்டும் இதுல போட்டு வைங்க, ஒரு மாசத்துல வந்து பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். ஒத்திகைக் கோடுகள், டிரேசிங் தாள், வண்ணம் சோதித்த துண்டு, கணக்கு நோட்டு எல்லாம் குப்பை என்று ஒதுக்குவதில்தான் வரும். ஃபிரேம் போட்ட படம் எப்படியும் தப்பித்துவிடும், இவை தப்பிக்காது.

ஊர் ஓவியரின் வேலையில் பாதிக்குமேல் அவர் வீட்டில் இருக்காது. கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுத்திருப்பார். பள்ளிக்கூட பீரோமேல் சுருட்டி வைத்த அறிவியல் சார்ட்டுகள், ஆண்டு விழாவுக்கு வரைந்த திரைச்சீலை, தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டும் துணி, புது வண்ணம் பூசிக் கொடுத்த கொலு பொம்மை, கல்யாணப் பத்திரிகையின் முகப்பு எல்லாவற்றையும் தேட வேண்டும். ஆரணிப் பக்கம் என்றால் பட்டுச் சேலை பார்டருக்குக் கட்டம் போட்ட கிராஃப் தாளும் கிடைக்கலாம். அது நெசவுக்காரர் வீட்டில் இருக்கும். வரைந்தவர் பெயர் அதில் இருக்காது.

பழைய மாணவிகளிடம் "டீச்சர் வரைஞ்ச படம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். படம் என்றால் கண்ணாடி போட்டு மாட்டியது என்று நினைப்பார்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "ரெக்கார்ட் நோட்டுல போட்டுக் குடுத்தாங்களா? தலகாணி உறைக்கு பூ வரைஞ்சு குடுத்தாங்களா? மார்கழி கோலத்துக்கு நோட்டு குடுத்தாங்களா?" மூன்றாவது கேள்விக்குள் ஏதாவது ஒன்று வெளியே வரும். பேச்சை அனுமதி கேட்டு மொபைலில் பதிவு செய்து, தேதியையும் பேசியவர் பெயரையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

கிடைத்ததை உடனே வாங்கிக்கொள்ளத் துடிக்க வேண்டாம். தொகுப்பு என்பது முதலில் பட்டியல்தான். படம் எந்த வீட்டில் இருந்தாலும் எண் கொடுக்கலாம். 1, 2, 3 என்று தொடர் எண் போதும். "நீர்வண்ணம் 1, பென்சில் 1" என்று வகை பிரித்தால் பத்தாவது படத்திலேயே குழம்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எடுத்து எண், என்ன படம், எதில் எதனால் வரைந்தது, அளவு (சென்டிமீட்டரில், உயரம் முதலில்), கையெழுத்து எங்கே எப்படி இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, அவருக்கு எப்படி வந்தது, என்ன சேதம் என்று எழுதுங்கள். காகிதப் படத்தின் பின்பக்கம் ஓரத்தில் 2பி பென்சிலால் எண்ணை மெதுவாக எழுதலாம். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் பள்ளமாகத் தெரியும். ஸ்கெட்ச் பேனா ஊறி மறுபக்கம் வந்துவிடும்.

பெரும்பாலும் தேதி போட்டிருக்க மாட்டார். கண்டுபிடிக்கப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபிரேம் கடை ஒட்டிய சீட்டில் முகவரி இருக்கும். "மெட்ராஸ் ஸ்டேட்" என்றால் 1969-க்கு முந்தைய சீட்டு. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. வெறும் "வட ஆற்காடு மாவட்டம்" என்பது 1989-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தைய வழக்கம்; "வட ஆற்காடு அம்பேத்கர்" என்றிருந்தால் அதற்குப் பிறகு. ராணிப்பேட்டையோ திருப்பத்தூரோ மாவட்டமாகக் குறிக்கப்பட்டிருந்தால் 2019-க்குப் பிறகு. ஆனால் சீட்டும், அட்டைக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளும் ஃபிரேம் போட்ட காலத்தைத்தான் சொல்லும். படம் அதற்குப் பல வருடம் முந்தையதாக இருக்கலாம்.

கையெழுத்து இன்னும் நல்ல சாட்சி. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல் என்று மாறியிருந்தால் திருமண வருடத்தை வைத்தே படங்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். இதே காரணத்தால் ஒரே ஆளை இரண்டு ஓவியர் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. குடும்பத்தாரிடம் இரண்டு பெயரையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் எழுதிய வாசகத்தில் துதிக்கை போட்ட பழைய "லை", "னை" இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதப் பழகியவர் என்று மட்டுமே தெரியும். பழகிய கை அதற்குப் பிறகும் அப்படியே எழுதும்.

அதிகம் பேர் தவறுவது ஓரிடத்தில்: டீச்சர் வீட்டில் இருந்ததெல்லாம் டீச்சர் வரைந்தது என்று எழுதிவிடுவது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளை எழுதிய பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள் கட்டுக்கட்டாக அங்கே கிடக்கும். அவற்றில் டீச்சர் திருத்திய கோடும் இருக்கும். அதை "மாணவர் வரைந்தது, டீச்சர் திருத்தியது" என்றே எழுதுங்கள்; எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதற்கு அதைவிடச் சான்று கிடையாது. காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்ததை அப்படியே குறியுங்கள். அது அவருக்கு இழுக்கில்லை. அந்தக் காலத்துக் கை பழகிய வழி அது.

புகைப்படத்துக்குக் காலை ஒன்பது, பத்து மணி, வெயில் நேராக விழாத திண்ணை போதும். ஃபிளாஷ் வேண்டாம். மிக அருகில் போனால் ஓரங்கள் வளையும்; ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வெள்ளைத் தாள் துண்டும் இருக்கட்டும். கண்ணாடி பளபளத்தால் கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுங்கள். முழுப் படம், ஃபிரேமோடு, கையெழுத்து, பின்பக்கம் என்று நான்கு எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் ஏ4 அளவுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), கார்டு அளவுக்கு 600. தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். 300-இல் ஒரு ஏ4 வண்ணப் படம் சுமார் 26 எம்பி வரும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் நீர்வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள். வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்து, அப்படியே வைத்துவிட வேண்டும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பழுப்பாகிக் கறை காகிதத்துக்குள் இறங்கும். லேமினேஷன் செய்ததைப் பிரிக்கவே முடியாது. எண்ணெய் வண்ணப் படத்தை ஈரத்துணியாலோ தேங்காய் எண்ணெயாலோ துடைக்க வேண்டாம். புதிதாக ஃபிரேம் போடக் கொடுக்கும்போது "ஓரத்தை வெட்டக் கூடாது" என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அளவுக்குப் பொருந்தவில்லையென்று கடையில் வெட்டுவார்கள், கையெழுத்து அதோடு போகும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

பரணில் வைக்காதீர்கள், வேலூர் சித்திரை வெயிலில் காகிதம் அங்கே நொறுங்கிப் போகும். தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத இடத்தில், நாலு அங்குலம் உயர்த்திய ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டு நல்லது. அமிலமில்லாத தாளை இடையிடையே வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். பிவிசி உறை கூடாது. கரியாலும் பேஸ்டலாலும் வரைந்ததை எந்த பிளாஸ்டிக் உறையிலும் போடக் கூடாது, பொடியை அது இழுத்துக்கொள்ளும். அந்துருண்டைக்குப் பதிலாக, ஓலைச்சுவடிக்கு வைக்கிற மாதிரி வசம்புப் பொடியைத் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். படத்தின்மேல் படக் கூடாது.

அச்சிடவோ இணையத்தில் போடவோ எழுத்தில் அனுமதி வேண்டும். படம் கையில் இருப்பவருக்குப் பதிப்புரிமை இருப்பதாக அர்த்தமில்லை. பொதுவாக அது ஓவியருடைய வாரிசுகளுக்குப் போகும், இறந்த மறு வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 2009-இல் இறந்தவர் என்றால் 2069 டிசம்பர் முடிய. காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கும், வேலை பார்த்த இடத்துக்காக வரைந்ததற்கும் விதி வேறு. எல்லா வாரிசுகளும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் பின்னால் தகராறு வராது.

அசல்களை ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பதென்றால், எடுத்துக்கொண்டு போவதற்கு முன் பட்டியலோடு கடிதம் எழுதிக் கேளுங்கள். வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகமானாலும் எதையும் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. பத்திரிகை, நோட்டீஸ் போன்ற அச்சுத் தாள்களைப் பற்றிச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். கோப்புகளை மூன்று பிரதி எடுத்து, ஒன்று குடும்பத்தாரிடம், ஒன்று அவர் பாடம் நடத்திய பள்ளியில், ஒன்று வெளியூரில் இருக்கட்டும். வருடா வருடம் போகிக்கு முந்தைய வாரம் பீரோவைத் திறந்து பூச்சி, ஈரம் பார்த்து, வசம்பை மாற்றி, மூன்று பிரதியும் திறக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.