இரண்டு சேனலையும் ஏற்றினால் பேஸ் காணாமல் போனது

கிட்டாரின் சிக்னலை வலுவாக்கி டோனை மாற்றித் தரும் இரண்டு ப்ரீஆம்ப் பெடல்களில் எதை வைத்துக்கொள்வது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பேஸ் கிட்டாரின் சிக்னலைப் பிரித்து, ஒன்றை நேராக டிஐ பெட்டி (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வழியாகவும் இன்னொன்றைப் பெடல் வழியாகவும் மிக்சருக்குக் கொடுத்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே கனமாக இருந்தன. இரண்டு ஃபேடரையும் (சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) சேர்த்து ஏற்றியதும் அடிநாதம் மறைந்து, விரல் நரம்பில் உரசும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதுவும் ஒரு பெடலில் மட்டும்.

கேபிள், அடாப்டர், கிட்டாரின் 9 வோல்ட் பேட்டரி எல்லாம் மாற்றியாயிற்று. கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சையும் தட்டினேன். அது இரைச்சலுக்கானது, இதற்கு உதவவில்லை. நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

கடைசியில் மிகத் தாழ்ந்த சுருதியுள்ள ஈ (E) நரம்பை ஒரே ஒரு முறை மீட்டிப் பதிவுசெய்து, கணினித் திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கினேன். டிஐ அலை முதலில் மேலே ஏறுகிறது. பெடல் அலை அதே இடத்தில் கீழே இறங்குகிறது. அந்தப் பெடலின் சர்க்யூட் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ் திசையை, தலைகீழாக்கித் தருகிறது. திறந்த ஈ நரம்பு சுமார் 41 ஹெர்ட்ஸ்; அந்தத் தாழ்ந்த பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. டிஸ்டார்ஷன் ஏறிய மேல்பகுதி இரண்டிலும் வேறுவேறாக இருப்பதால் தப்பிவிடுகிறது. தனியாகக் கேட்டால் இது காதுக்குத் தெரியவே தெரியாது.

மிக்சரின் பெடல் சேனலில், போலாரிட்டியைத் திருப்பிப்போடும், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட பொத்தானை அழுத்தினேன். அடிநாதம் முழுசாகத் திரும்பியது. அப்பாடா!

அப்புறம் சத்த அளவைச் சமமாக்கி ஒப்பிட்டேன். கொஞ்சம் உரக்கக் கேட்பதே நல்ல டோன் போலத் தோன்றும். தொல்லை கொடுத்த பெடலின் டோன்தான் எனக்குப் பிடித்தது, டிரம்ஸ் நடுவிலும் தெளிவாக நிற்கிறது. மேடையில் அவசரமாகத் திருக, மூன்று குமிழ் மட்டுமே உள்ள மற்றதுதான் வசதி.